முதலும் வட்டியும்



காரைக்குடியில் நின்று பேசுகிறவன் கணக்கை விட்டுப் பேசுவது அரிது. என் தந்தையாரைப் பெற்ற ஐயா, மீசை அரும்பாத வயதிலேயே பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, ரங்கூன் மொகல் தெருவில் பேரேடு எழுதப் பழகி, அடுத்தாளாகவும் பிறகு மேலாளாகவும் உயர்ந்து ஊர் திரும்பியவர். கண்பார்வை முற்றும் மங்கிய பின்னரும், ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கும் நாளில் முகப்பில் வந்து அமர்ந்துகொண்டு, வரவையும் செலவையும் வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார், எல்லாம் கேட்டு முடிந்ததும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் சாப்பிட்டது வட்டியிலா, முதலிலா?" முதலை எடுத்துச் சாப்பிட்ட வீட்டில் எத்தனை தீபம் எரிந்தாலும், எத்தனை இலை விழுந்தாலும், அதைச் செல்வர் வீடு என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்தக் கேள்வியை ஒரு வீட்டை நோக்கி அல்லாமல் இந்தப் பூமண்டலத்தையே நோக்கிக் கேட்ட இருவரைப் பற்றி இன்று பட்டதாரிகளாகும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் ஜெர்மானியர்; மற்றவர் தஞ்சாவூர்க்காரர். இருவரும் கணக்கையும் பொருளியலையும் கற்றுப் பிழைக்கத் தொடங்கியவர்கள் என்பதும், அந்தக் கணக்கே அவர்களைத் தத்துவத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதும் எனக்கு எப்போதும் வியப்பளிப்பவை.

எர்ன்ஸ்ட் பிரீட்ரிக் ஷூமாக்கர் 1911ஆம் ஆண்டில் பான் நகரத்தில் ஒரு பொருளாதாரப் பேராசிரியரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டிலும் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் கற்று, ஹிட்லரின் ஆட்சியைச் சகியாமல் 1937இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த அவர், யுத்தம் மூண்டபோது பகைநாட்டவர் என்ற காரணத்தால் முகாமில் அடைபட்டு, பின்பு ஒரு பண்ணையில் கூலியாளாக உழைத்தார். மண்ணைக் கையால் அளைந்த அந்த நாட்கள் அவரை விட்டு நீங்கவேயில்லை. 1950 முதல் இருபது ஆண்டுகள் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் பொருளாதார ஆலோசகராக இருந்த அவர், பூமிக்கடியிலிருந்து ஒரு டன் எடுத்தால் அந்த ஒரு டன் என்றென்றைக்கும் குறைந்தது என்பதைப் பிரத்தியட்சமாக அறிந்திருந்தார். முதலைச் செலவழித்துக்கொண்டே லாபம் காட்டுகிற ஒரு வியாபாரத்தைக் கண்டால் எந்த முதலாளியும் திடுக்கிடுவான். ஆனால் கோடானுகோடி வருஷங்களில் இயற்கை சேர்த்துவைத்த எரிபொருளை வருமானமென்று எழுதிக்கொள்ளும் நவீன உலகம் சற்றும் திடுக்கிடுவதில்லையே என்று அவர் கேட்டார். அந்த வாதத்தைத் தாங்கிய 'சிறியதே அழகு' என்னும் நூல் 1973இல் வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் பெட்ரோலிய நெருக்கடி மேல்நாடுகளை உலுக்கியது. நூலைப் படியாதவர்களும் அப்போது அதன் பொருளை உணர்ந்தார்கள்.

இந்த ஊராருக்கு விசேஷமாகப் படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. 1955இல் ஷூமாக்கரும் பர்மாவுக்குப் போனார். நம் முன்னோர் கொண்டுவிற்கப் போன அதே தேசத்துக்கு, அரசுக்குப் பொருளாதார ஆலோசனை கூறுவதற்காகச் சென்ற அவர், கையில் காசு குறைந்தும் முகத்தில் அமைதி குறையாத கிராமத்து மக்களைக் கண்டு, தாம் சொல்லிக்கொடுக்க வந்ததைக் காட்டிலும் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி என்று தெளிந்து திரும்பினார். அந்தத் தெளிவிலிருந்து பிறந்ததே 'பௌத்தப் பொருளியல்' என்ற அவருடைய புகழ்பெற்ற கட்டுரை. மனிதனுக்கு உழைப்பு எதற்காக என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில், அக்கட்டுரை ஓர் இந்தியரின் சொற்களைத் துணைக்கு அழைக்கிறது. உணவு சரீரத்தைப் பேணுவதுபோல முறையான உழைப்பு மனிதனின் உயர்ந்த சக்திகளைப் பேணுகிறது என்பது அதன் சாரம். அந்த இந்தியர்தாம் நம் ஜே. சி. குமரப்பா.

ஜெர்மனியிலிருந்து சுற்றி வந்து நம்மவரைக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. 1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ் என்னும் பெயரோடு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்காயர் தொழில் பயின்று, பம்பாயில் தணிக்கை அலுவலகம் நடத்தி, பட்டுச் சட்டையும் மேல்நாட்டு உடையுமாக வாழ்ந்த அவர், 1927இல் அமெரிக்கா சென்றார். ஷூமாக்கர் பின்னாளில் கால்வைத்த அதே கொலம்பியாவில், பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதியைப் பயின்றபோது, இந்தியா ஏன் ஏழையாயிற்று என்ற கேள்வியை அரசாங்கத்தின் சொந்தக் கணக்குகளை வைத்தே ஆராய்ந்தார். ஆராய ஆராய, தாம் அதுவரை நம்பியிருந்த ஆட்சியின் வரவுசெலவில் உழவனின் முதலே கரைந்து கொண்டிருந்தது தெரிந்தது. அந்த ஆய்வோடு 1929 மே மாதம் சபர்மதிக்குப் போய், மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவரைக் கண்டு, அவரே காந்தி என்று அறிந்து, சாணம் மெழுகிய தரையில் பட்டு உடையோடு அமர்ந்தார். குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பாவைப் பூண்டு, கதர் உடுத்திய கிராமத் தொண்டராகப் பின்னர் வாழ்ந்தவர் அவர்.

ஆயினும் அவருக்குள்ளிருந்த கணக்காயர் மறையவில்லை. 1934இல் பீகார் பூகம்ப நிவாரணத்தின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தபோது, தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று வரையறுத்திருந்தார். காந்தியடிகளும் அவருடைய பரிவாரமும் பாட்னாவுக்கு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத இயலாது என்று மறுத்துவிட்டார். துயருற்றோருக்கு வந்த பணம் துயருற்றோரின் முதல் என்பதில் குருவுக்கும் விலக்குக் கொடாத அந்த உறுதியை நான் அவருடைய நூல்கள் அனைத்தினும் உயர்வாக மதிக்கிறேன். அவ்வாண்டு இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது, அதன் செயலாளர் பொறுப்பைக் காந்தியடிகள் அவரிடமே ஒப்படைத்தார்.

குமரப்பாவின் 'நிலைத்த பொருளாதாரம்' ஜபல்பூர்ச் சிறையில் எழுதப்பட்ட நூல். நிலக்கரியும் பெட்ரோலியமும் இரும்பும் ஒருமுறை நிரம்பிய தொட்டி போன்றவை. ஓடும் நீரும் வளரும் மரமும் ஆண்டுதோறும் விளையும் பயிரும் ஊற்றுப் போன்றவை. தொட்டியை நம்பி வாழும் தேசங்கள் தொட்டி வற்ற வற்ற ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்பது அந்நூலின் உயிர்ப்பான கருத்து. அவர் எழுதியது இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே என்பதை மறந்துவிடாதீர்கள். எழுதியதோடு நிற்காமல், மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கை வார்தாவில் அவருடைய சங்கம் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. டாக்டர் பட்டம் பெறாத அவரை, அந்நூலின் முன்னுரையில் காந்தியடிகள் கிராமக் கைத்தொழில்களின் டாக்டர் என்று அழைத்திருக்கிறார். இன்று பட்டம் பெறும் உங்களிடம் இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் வழியிலுள்ள தே. கல்லுப்பட்டி காந்திநிகேதனில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த குமரப்பா, 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில் மறைந்தார். அதன் பின்னரே ஷூமாக்கர் இந்தியாவுக்கு வந்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆற்றுப் பாசனம் இல்லாத இந்தச் செம்மண் சீமையில், ஓட்டிலிருந்து முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடித்து, மிஞ்சியதைக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் வழிவிட்டவர்கள் நம் முன்னோர். சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் அரைத்துப் பூசிய சுவரும், சூளையில் சுடாமல் கண்ணாடிமேல் வண்ணம் வார்த்து நீரிலும் வெயிலிலும் பதப்படும் ஆத்தங்குடிக் கல்லும், வட்டியில் வாழத் தெரிந்தவர்களின் கைவேலை. ஆனால் அதே வீடுகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களை நான் தொடும்போதெல்லாம், இது வேறொருவர் காட்டின் முதல் அல்லவா என்று என் நெஞ்சு உறுத்துகிறது. ஐயாவிடம் அதைக் கேட்கும் வயதில் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றிய வயதில் ஐயா இல்லை.

இங்கே வேதியியல் கற்றவர்களும் வணிகவியல் கற்றவர்களும் தமிழ் கற்றவர்களும் இருக்கிறீர்கள். இன்று மாலை உங்கள் ஊருக்குத் திரும்பியதும் ஊருணிக் கரையில் சற்று நில்லுங்கள். கடைசியாக அதைத் தூர் வாரியது எந்த ஆண்டு, வரத்துக் கால் எங்கே அடைபட்டது, உங்கள் ஆயா காலத்தில் எத்தனை முழக் கயிற்றில் எட்டிய கிணற்றுத் தண்ணீர் இப்போது எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது, கண்மாய்க்குள் சீமைக்கருவை புகுந்து எத்தனை நாளாயிற்று என்று விசாரியுங்கள். வீட்டுக்கு வீடு ஐந்தொகை எடுத்த இந்தச் சீமையில், மண்ணுக்கும் தண்ணீருக்கும் எழுதிய பேரேடு ஒன்று கிடைக்குமா என்று நான் பல ஊர்களில் கேட்டுப் பார்த்துவிட்டேன்; எவர் வீட்டிலும் அகப்படவில்லை. அதை உங்களிடம் கேட்டு வாங்கிப்போகவே வந்தேன்.