கலம் பெரிதானால் போதுமா?



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். அவற்றுள் இறுதி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் இருந்தேன். ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கிட்டதில்லை. அந்த விதியை என் வீட்டு வாசலில் நின்ற காரில் நானே மறந்து நின்ற கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

என்னிடம் பழைய கார் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், காலை வேளைகளில் அதன் எஞ்சின் சுழலத் தயங்கியது. பாட்டரிக்கு வயது நான்காகிவிட்டது. அதன் கொள்ளளவும் 35 ஆம்பியர்-மணிதான். ‘கலம் சிறிது, அதனால்தான் இந்தத் தொல்லை’ என்று முடிவு செய்தேன். கடைவீதியில் பாட்டரிக் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவரிடம் சென்று, 45 ஆம்பியர்-மணி கொண்ட புதிய பாட்டரியை வாங்கிப் பொருத்தினேன். மறுநாள் எஞ்சின் உடனே முழங்கியது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழிந்தது. அண்டை வீட்டுப் பெண்ணை நேர்முகத் தேர்வுக்காக விடியற்காலை ரயிலுக்குக் கொண்டுபோய் விடுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். சாவியைத் திருப்பினேன், ‘டக்’ என்றதோர் ஒலி, அவ்வளவுதான். வேறு வண்டி தேடிப் பிடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. அந்தப் பெண் பேருந்தில் நின்றுகொண்டே பயணம் செய்து, ஒருவாறு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆயினும், அவள் பெற்றோரின் முகத்தைப் பார்க்க என்னால் இயலவில்லை. என் வெட்கம் சினமாக மாறிற்று. கடைக்குச் சென்று, வாடிக்கையாளர் பலர் நிற்கையில், “பழுதான பாட்டரியை என் தலையில் கட்டிவிட்டாய்” என்று அந்த இளைஞரைக் கடிந்தேன்.

அவர் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “பாட்டரியை இங்கே விட்டுச் செல்லுங்கள், ஐயா. அளந்து பார்க்கிறேன். பழுதென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்” என்றார்.

இங்கே சற்று நின்று, பாட்டரியின் வேலை யாதென்று பார்ப்போம். ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க சேமக்கலத்தை 1859இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பிளாந்தே உருவாக்கினார். நம் கார்களில் இன்றும் பெரும்பாலும் இருப்பது அதன் வழித்தோன்றலே. அதில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆகவே, மின் நிறைந்த பாட்டரி ஓய்வில் இருக்கையில் 12.6 வோல்ட் அளவைக் காட்டும். 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது என்க. 11.9 என்றால் பெரும்பாலும் வெறுங்கலமே.

பாட்டரி மின்சாரத்தை ஆக்குவதில்லை. சேமித்து வைத்துக் கொடுக்கிறது. எஞ்சினை முதலில் சுழற்றச் சில நொடிகளுக்கு நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை அது ஈகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், பெல்ட்டினால் சுழலும் ஆல்ட்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி, செலவான மின்சாரத்தைத் திரும்ப நிரப்புகிறது. நிரப்புவதற்கு அதன் அழுத்தம் பாட்டரியின் அழுத்தத்தைவிட மிகுந்திருக்க வேண்டும் அன்றோ? ஆகவேதான் எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. அண்மைக் காலக் கார்கள் சிலவற்றில் இந்த அழுத்தத்தைக் கணிப்பொறி தேவைக்கேற்ப மாற்றுகிறது. அவற்றுக்கு உரிய கைந்நூலைப் பார்த்தல் நலம்.

இனிக் கதைக்குத் திரும்புவோம். கடைக்கு வந்தபோது என் பாட்டரி காட்டியது 11.9. இளைஞர் இரவு முழுதும் அதற்கு மின்னேற்றி, ஓய்வு கொடுத்து, மறுநாள் மாலை அளந்தார்: 12.7. பெரும் பளு கொடுத்துப் பார்த்தார். 10 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவில்லை. பாட்டரி குற்றமற்றது!

அதற்கு அடுத்த நாள் மல்ட்டிமீட்டருடன் என் வீட்டுக்கு வந்தார். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பாட்டரி முனைகள் இறுக்கமாக உள்ளனவா என்று முதலில் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அளந்தார்: 14.0. “இதை நானும் முன்பே அளந்தேனே! இதில் என்ன குறை?” என்றேன். “விளக்குகளை எரியவிட்டு அளந்தீர்களா, ஐயா?” என்று கேட்டார். நான் அளக்கவில்லை. முகப்பு விளக்குகளையும் காற்றாடியையும் இயக்கினோம். பாட்டரியின் முனைகளில் அழுத்தம் 12.9 ஆக வீழ்ந்தது. அதே நேரத்தில் ஆல்ட்டர்னேட்டரின் முனையிலோ 14.3!

மாணவர்களே, 14.3இலிருந்து 12.9ஐக் கழியுங்கள். அந்த 1.4 வோல்ட் எங்கே போயிற்று? இளைஞர் தேடினார். மீட்டரின் ஒரு நுனியை ஆல்ட்டர்னேட்டரின் உடலிலும் மறு நுனியைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைத்தார்: 0.1. அடுத்து, ஆல்ட்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பாட்டரியின் நேர்முனைக்கும் இடையே வைத்தார்: 1.3. கணக்கு நேராயிற்று. குறை அந்த ஒரு கம்பியில்தான் இருந்தது.

கம்பியின் வழியே கையை ஓட்டியவர் ஓரிடத்தில் சட்டென நிறுத்தினார். அங்கே ஒட்டுநாடா சுற்றிய முடிச்சு ஒன்று சூடாக இருந்தது. எஞ்சினை நிறுத்திப் பாட்டரி இணைப்பைக் கழற்றியபின் நாடாவைப் பிரித்தார். செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. மேலுறை கருகத் தொடங்கியிருந்தது. அந்தக் கம்பியில் ஓடிய மின்னோட்டம் 20 ஆம்பியர். 1.3ஐ 20ஆல் வகுத்தால் தடை 0.065 ஓம், பெருக்கினால் 26 வாட் வெப்பம். ஒரு சிறு பற்றுக்கோல் கம்பிக்குள் ஒளிந்திருந்து எரிந்தது போலத்தான்! மின்னோட்டம் குறைவாக உள்ள பகலில் இழப்பும் குறைவு. ஆகவே என் அளவை என்னை ஏமாற்றியது. அந்த வாரங்களில் என் பயணங்களோ பெரும்பாலும் இரவில்.

முடிச்சைப் போட்டவர் யார் என்று கேட்பீர்கள். நானேதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் எலி கடித்த கம்பியை அவசரத்தில் முறுக்கி, நாடா சுற்றி, ‘பிறகு சரிசெய்யலாம்’ என்று விட்டிருந்தேன்.

வரத்துக்காலில் அடைப்பிருக்க, ஏரியை ஆழப்படுத்தினால் நீர் சேருமா? அதைத்தான் நான் செய்தேன். புதிய பாட்டரி கடையிலிருந்து நிறைந்து வந்தது; அந்த இருப்பிலேயே பன்னிரண்டு நாள் ஓட்டினேன். பெரிய கலம் நோயைத் தீர்க்கவில்லை, தள்ளிப்போட்டது. பெரிய பாட்டரி வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. தட்டில் அமர்ந்து, முனைகள் சரியாகப் பொருந்தினால் வாங்கலாம். ஆனால் வரவு சரியாக உள்ளதா என்று முதலில் அளந்தறிய வேண்டும்.

நீங்கள் செய்து பார்க்க விரும்பினால் சில எச்சரிக்கைகள். மின்னேறும் பாட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படக்கூடும். அருகே நெருப்பு ஆகாது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். இணைப்பைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதனை இறுதியில் பூட்டுங்கள். எஞ்சின் ஓடுகையில் பாட்டரியைக் கழற்றவே கூடாது, ஆல்ட்டர்னேட்டர் கெட்டுவிடக்கூடும்.

கம்பியை மாற்றியபின், விளக்குகள் எரியும்போதே பாட்டரியில் 14.1 வோல்ட் வந்தது. எனக்கோ இன்னொரு பழுதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பலர் முன்னிலையில் கூறிய பழிச்சொல்லைத் தனியே அழைத்துத் திரும்பப் பெறுதல் முறையன்று. மாலையில் கடையில் கூட்டம் நிறைந்த வேளையில் சென்றேன். “தம்பி, பாட்டரியில் குறையில்லை, குறை என்னிடம் இருந்தது. அளக்காமல் உன்னைக் குற்றம் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்” என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

அவர் எழுந்து நின்று, எனக்கு நாற்காலி இட்டார். பிறகு புன்னகையோடு, “அதனால் என்ன, ஐயா? கம்பி மாற்றிய கூலியைத்தான் நீங்கள் இன்னும் தரவில்லை” என்றார்.