கணினிக்குக் கட்டளையிடப் பழக்குவோம்

(மாலைநேரப் படிப்பகங்களில் பாடம் எடுக்கும் தோழர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நிரல் எழுதச் சொல்லித் தருகிறோம் என்றால், "நம்ம பிள்ளைங்களுக்கு அதெல்லாம் வருமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். சிலருக்குத்தான் மூளை உண்டு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்ததன் விளைவு இந்தக் கேள்வி. வீட்டில் மடிக்கணினி இருக்கும் பிள்ளைக்கு முன்கூட்டியே கிடைத்த பழக்கத்தைத்தான் பிறவித் திறமை என்கிறார்கள்.

குழந்தைகளுக்காக 1967-இல் 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் சீமோர் பாப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, நிறவெறியை எதிர்த்தவர். குழந்தைதான் கணினியை இயக்க வேண்டும் என்பது அவருடைய அடிப்படை. அந்த வழியில் வந்ததே எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்'. இலவசம், பதிவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கட்டளைகளை விளையாட்டுக் கட்டைகளைப் போல இழுத்து அடுக்கினால் போதும்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடையே, வார இறுதிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். முதல் நாள் கணினியைத் தொடுவதில்லை. ஒரு பிள்ளை இயந்திரம். மற்றவர்கள் 'மூன்று அடி நட, வலப்பக்கம் திரும்பு' என்று கட்டளையிட்டு வாசல்வரை கொண்டுபோக வேண்டும். சுவரில் முட்டினால் கட்டளையைத் திருத்த வேண்டும். கட்டளையிடும் இடத்துக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். கணினி முன்னால் விட்டுவிட்டால் மவுஸ் ஒரு பையன் கையிலேயே தங்கிவிடும். பெண்பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாறும்.

திரையில் பூனையை நடக்க வைப்பது இரண்டு வாரம் இனிக்கும். பிறகு, வீட்டுக் கணக்கு ஏதாவது கொண்டுவரச் சொன்னேன். ஒரு மாணவி அம்மாவின் குழுக்கடன் அட்டையைக் கொண்டுவந்தாள். கடன் 10,000 ரூபாய்; வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம்; 12 மாதத் தவணையில் கட்ட வேண்டியது 11,200. "மாசாமாசம் அசல் குறையுதே, அப்புறம் ஏன் சார் முழுப் பணத்துக்கும் வட்டி?" என்று கேட்டாள்.

அதையே நிரலாக்கினோம். 'மீதி அசல்' என்று ஒரு மாறி. அதற்கு 1 சதவீத வட்டியைக் கூட்டி வை. கடனில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழி. இதை 12 முறை திரும்பச் செய். மொத்த வட்டி 650 ரூபாய் என்று வந்தது. அட்டையில் 1,200. மாறி, சுழல் என்ற இரண்டு பாடங்களும் அன்றே முடிந்தன. அடுத்த வாரம் அவளுடைய அம்மாவும் குழுவிலிருந்து மூன்று பேரும் அட்டைகளோடு வந்தார்கள். எண்களை மாற்றிப் போட்டு, அவர்களுக்கும் பிள்ளைகளே கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்.

தோழர்களே, எல்லாப் பிள்ளைகளும் மென்பொருள் நிறுவனத்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் நூறுநாள் வேலைக் கூலி, ரேஷன், கடன் எல்லாமே இன்று கணினி சொல்லும் எண்கள். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது" என்றால் நம் மக்கள் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டளையை எழுதியதும் ஒரு மனிதர்தான் என்று தெரிந்த பிள்ளை கேள்வி கேட்கும்.

படிப்பகத்தில் ஒரு பழைய கணினி இருந்தால் போதும். வரும் ஞாயிறே தொடங்குங்கள்.