துப்பாக்கி கொடு, தையல் இயந்திரம் வாங்கு



கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர். ஏன் அந்தப் பெயர் தெரியுமா? 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. ஊர்கள் மட்டுமா? 1781-இல் அருகிலுள்ள சிதம்பரம் கோயிலே ஹைதர் அலி படையின் அரணாகி, ஆங்கிலேயரின் தாக்குதலைக் கண்டது.

போர் இப்படி ஊரிலும் கோயிலிலும் தடம் பதிக்கும். அந்தத் தடத்தை மாற்ற முயன்றவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992-இல் ஓய்ந்தது. ஆனால் துப்பாக்கிகள் மக்களிடமே கிடந்தன. தினிஸ் செங்குலானே என்ற பேராயர் யோசித்தார். மக்கள் வாளை உழுகருவியாக்குவார்கள் என்று சொன்னவர் விவிலியத்தின் ஏசாயா தீர்க்கதரிசி. 1995-இல் அங்குள்ள கிறிஸ்தவ சபைகள் அதையே செய்தன. துப்பாக்கியைக் கொடுத்தால் மண்வெட்டி, சைக்கிள், தையல் இயந்திரம்! வாங்கிய ஆயுதங்களை வெட்டிச் சிற்பங்கள் ஆக்கினார்கள். அவற்றில் ஒன்றான 'வாழ்வின் மரம்' லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆயுதத்தைக் கீழே போடு என்று சொன்னால் மட்டும் போதாது. வெறுமையான அந்தக் கைக்கு ஒரு பிழைப்பையும் கொடுக்க வேண்டும். அன்பு என்பது அதுதான்.

நம் தெருவில் பகையோடு திரியும் பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கப் போகிறோம்?