மீன் குளத்தின் வரவு செலவு

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஓய்வூதியப் பணத்தை மீன் வளர்ப்பில் போடலாமா என்று நம் குடியிருப்பில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தலைவர் என்னைப் பேசச் சொன்னதும் அதனால்தான். நானும் என் மைத்துனரும் ஊரில் ஒரு ஏக்கர் குளத்தைக் குத்தகைக்கு எடுத்த கணக்கையே சொல்கிறேன்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து 4,000 குஞ்சுகள் விட்டோம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். குத்தகை 25,000 ரூபாய், குஞ்சு 16,000, சுண்ணாம்பு, சாணம், மின்சாரம், வலைக்கூலி எல்லாம் சேர்ந்து 27,000. தவிடும் கடலைப் புண்ணாக்கும் மட்டும் 4 டன், 1,28,000 ரூபாய். மொத்தம் 1,96,000. கிலோ 120 ரூபாய் வீதம் 2,000 கிலோ விற்றால் 44,000 லாபம் என்று தாளில் அழகாக வந்தது.

பத்து மாதம் கழித்து வலை போட்டால் 1,300 கிலோதான். 40,000 நஷ்டம். குளத்தை வற்றவிட்டுக் காயப்போடாமல் குஞ்சு விட்டிருக்கிறோம். உள்ளே இருந்த விரால் அவற்றைத் தின்றுவிட்டது. வங்கியில் கடைக்காரரின் சரக்கைப் போய் எண்ணிப் பார்த்து வரலாம். தண்ணீருக்குள் எப்படி எண்ணுவது? இல்லாத மீனுக்கும் சேர்த்துத் தீவனம் போட்டிருக்கிறோம்!

மறு வருஷம் குளத்தைக் காயவைத்தோம். தீவனத்தை ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிட்டோம். சாக்கில் மிச்சம் இருந்தால் மறுநாள் அளவைக் குறைத்தோம். மூடாப்பு நாட்களில் விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அன்று தீவனம் கிடையாது, மோட்டார் போட்டுத் தண்ணீரை அடிக்க வேண்டும். 1,750 கிலோ கிடைத்தது. அதில் 300 கிலோவைக் கரையிலேயே உயிரோடு 160 ரூபாய்க்கு விற்றோம். வரவு 2,22,000, செலவு 1,77,000. மிச்சம் 45,000.

மானியம் உண்டே என்பீர்கள். பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம். ஆனால் முதலில் கைப்பணம் போட்டாக வேண்டும்.

அந்த 45,000-ஐ இருவரும் பிரித்துக்கொண்டோம். மைத்துனர் பத்து மாதம் விடிகாலையில் குளத்துக்குப் போனதற்குக் கூலி எழுதவில்லை. எழுதினால் ஒன்றும் மிஞ்சாது. இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு வருஷக் கணக்கு நோட்டும் என்னிடம் இருக்கிறது. மாலை 5 மணிக்கு மேல் பூங்காவில் இருப்பேன். பணம் போடும் முன் வந்து பாருங்கள்.