நீலிக்கண்ணீரும் நீளும் கதையுலகும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் திரைப்படத்தைப் பற்றி ஓர் உரை வேண்டுமா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். படூர்க் கல்லூரி விடுதிகளிலிருந்தும் சிறுசேரி மென்பொருள் நிறுவனங்களிலிருந்தும் நாவலூர்த் திரையரங்கிற்குச் செல்லும் இளைஞர் கூட்டத்தைக் கவனித்தவர்கள் அவ்வாறு சுளிக்கமாட்டார்கள். முன்பெல்லாம் 'வணக்கம்' என்னும் எழுத்து திரையில் தோன்றுவதற்குள் காலணியைத் தேடியெடுத்துக்கொண்டு வாயிலை நோக்கி விரைந்தது தமிழ்க்கூட்டம். இன்றைய இளைஞர் சில படங்களுக்கு அவ்வாறு எழுவதில்லை. விளக்குகள் எரிந்த பின்னும், துப்புரவுப் பணியாளர் வந்து நின்ற பின்னும், தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயர்ப்பட்டியல் முழுவதும் ஓடி முடியும்வரை அமர்ந்திருக்கின்றனர். பட்டியலுக்குப் பின்னால் ஒரு சிறு காட்சி ஒளிந்திருக்கிறது என்பதும், அக்காட்சி அடுத்த படத்தின் வாயில் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இவ்வழக்கத்தைப் பரப்பியது மார்வெல் நிறுவனம். 2008இல் வந்த 'அயர்ன் மேன்' படத்தின் பெயர்ப்பட்டியலுக்குப் பின், நிக் ஃபியூரி என்பவன் நாயகனின் இல்லத்தில் தோன்றி, உன்னைப் போன்றோர் இன்னும் உளர் என்னும் குறிப்பைத் தந்து மறைகிறான். அக்குறிப்பு 2012இல் 'தி அவெஞ்சர்ஸ்' ஆயிற்று. 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' அவ்வரிசையில் 22ஆம் படம். தமிழ் மொழிமாற்றத்தில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். அந்நாயகன் இறக்கும் காட்சியில் அரங்கில் விம்மல் கேட்டது. முந்தைய 21 படங்களையும் பாராமல் வந்திருந்த பெற்றோர், அருகில் அமர்ந்து அழும் பிள்ளைகளை வியப்போடு நோக்கினர். ஒரு படத்தின் துயரம் அப்படத்திற்குள் இல்லாமல் வேறு படங்களில் சேமிக்கப்பட்டிருக்குமாயின், அதைத் தனிப்படைப்பு என்று சொல்வது தகுமா? இந்த வினாவே இவ்வுரைக்குக் காரணம்.

இம்முறை மேனாட்டார் கண்ட புதுமை என எண்ணுவோர் சிலப்பதிகாரத்தின் இறுதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தல் நன்று. அங்குள்ள நூற்கட்டுரை, இக்காப்பியத்தின் பொருள் மணிமேகலையில் சென்று முற்றுப்பெறுகிறது என்னும் கருத்தைச் சொல்லி நிறைவடைகிறது. கட்டுரைப் பகுதியைப் பிற்காலத்தார் சேர்த்தனர் என்பாரும் உளர். யார் சேர்த்திருந்தாலும், பெயர்ப்பட்டியலுக்குப் பிந்திய காட்சி செய்யும் பணியையே அது செய்கிறது. தொடர்ந்து வரும் மணிமேகலையோ இன்றைய இளைஞர் 'சூப்பர் ஹீரோ' எனக் குறிப்பிடும் இலக்கணம் அனைத்தும் பொருந்தியவள். வான்வழியே செல்லவும், வேற்றுருக் கொள்ளவும், பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்களை மணிமேகலா தெய்வத்திடம் பெறுகிறாள். கையில் வற்றாத அமுதசுரபி. அரசிளங்குமரனிடமிருந்து தப்ப உருமாறுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள், பசியால் வாடிய காஞ்சி மாநகருக்கு வந்து உணவளிக்கிறாள்.

இரண்டு காப்பியங்களையும் சாத்தனார் இணைத்த விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. முற்கதையை அவர் நெடுக விரித்துச் சொல்வதில்லை. இந்திர விழாவுக்கு ஆட மாதவி வரவில்லை, சித்திராபதி வயந்தமாலையை அனுப்பி அழைக்கிறாள், மாதவி மறுக்கிறாள். கோவலன் இறந்தபின் தன் உயிர் நீங்காமல் நின்றதற்கு நாணுகிறாள். அந்நிலையில், தான் பெற்ற மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்று கூறுகிறாள். சிலம்பைப் படித்தவர் நெஞ்சில் அக்கூற்று இடியென விழும். படியாதவருக்கும், ஒரு கணிகை தன் மகளைப் பத்தினி ஒருத்திக்கு உரியவளாக்கிக் குலத்தொழிலிலிருந்து விடுவிக்கிறாள் என்பது விளங்கும். கதையுலகத்தோடு இணைக்கும் அதே வரி இந்தக் கதையின் முடிச்சையும் போடுகிறது. பிற்பகுதியில் வஞ்சியில் கண்ணகிப் படிமம் மணிமேகலையோடு பேசுவதும் அவ்வாறே. வந்து தலைகாட்டிவிட்டுப் போகும் கண்ணகி அல்லள் அவள். மகளுக்கு வழி சொல்லும் தாய்.

இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அண்மைக்காலத்துப் படம் ஒன்றை நோக்கலாம். 2025 ஆகஸ்டு 28 அன்று மலையாளத்தில் வெளிவந்து, தமிழிலும் மொழிமாற்றப்பட்டது 'லோகா: அத்தியாயம் 1 - சந்திரா'. இயக்கியவர் டொமினிக் அருண். சந்திராவாக நடித்தவர் கல்யாணி பிரியதர்சன். பெங்களூருக்கு வந்து தனித்து வாழும் இளம்பெண் ஒருத்தி உண்மையில் பல நூற்றாண்டு வயதுடைய நீலி என்பது கதை. கேரள நாட்டார் மரபின் சாத்தனும் ஒடியனும் இப்படத்தில் சிறிது நேரம் தோன்றி, அடுத்தடுத்த அத்தியாயங்களுக்கு முன்னறிவிப்பு ஆகின்றனர். மூத்தோன் என ஒருவர் முழுமையாக முகங்காட்டாமல் எல்லாரையும் ஆள்கிறார். (சாத்தன் என்னும் பெயரைக் கேட்டதும் சீத்தலைச் சாத்தனார் நினைவுக்கு வருவது தமிழ் படித்தோரின் பழக்கதோஷம், அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.)

இந்த நீலி யார்? கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதீகமாலை' வழியாகக் கேரளம் நன்கறிந்த கள்ளியங்காட்டு நீலி இவள். கடமற்றத்துக் கத்தனாரால் அடக்கப்பட்ட யட்சி. கள்ளியங்காடு இருப்பதோ நாகர்கோவிலை அடுத்து, இன்றைய தமிழ்நாட்டில். நீலி கதை குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டிலும் பாடப்படுகிறது, வடக்கே பழையனூரோடும் இணைந்திருக்கிறது. திருவாலங்காட்டை ஒட்டிய அப்பழையனூர் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்துள் இருந்தது. 1997இல் மாவட்டம் பிரிந்தபோது திருவள்ளூர்ப் பக்கம் சென்றது. ஆக, பெங்களூருக்குப் போன நீலி நமக்கு அயலூர்க்காரி அல்லள்.

கதை பலரும் அறிந்ததே. பொருளுக்காகக் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிப் பழிவாங்க அலைகிறாள். கொன்றவன் மறுபிறப்பில் வணிகனாகப் பழையனூர் வருகிறான். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, ஊரவை முன் நின்று, தன்னைக் கைவிட்ட கணவன் இவன் என்று அவள் அழுகிறாள். வணிகன் இவள் பேய் என்று அலறுகிறான். அவன் உயிருக்குக் கேடு நேர்ந்தால் தாங்களும் உயிர்விடுவதாக வேளாளர் எழுபதின்மர் வாக்களிக்கின்றனர். விடிவதற்குள் அவன் இறந்துபட, எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்கின்றனர். திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைக் குறிப்பிடுகிறார். 'நீலிக்கண்ணீர்' என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல் இக்கதையிலிருந்து வந்தது. பொய்யழுகை என்பது அதன் பொருள். கொலையுண்டவள் சிந்திய கண்ணீருக்கு மொழி வைத்த பெயர் அது. கொன்றவனைக் குறிக்க அப்படி ஒரு சொல்லும் நிலைக்கவில்லை.

சைவ மரபில் இக்கதையின் நாயகர்கள் வேளாளர் எழுபதின்மரே, நீலி பகைப்பாத்திரம். இந்நீலியைத் தூக்கி வேறொரு கதையுலகில் வைத்துக் காப்பியத் தலைவியாக்கியவர் ஒரு சமணப் புலவர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி அது. பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டுக் காளிகோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்து, மண்ணால் செய்த உருவங்களைப் படைக்கச் செய்கிறார் முனிச்சந்திரர். பலியிழந்த தெய்வம் தன்னால் முனிவரை அசைக்க முடியாமல் தென்னாட்டுப் பழையனூர் நீலியைத் துணைக்கு அழைக்கிறது. இன்றைய மொழியில் சொன்னால், ஒரு கதையின் புகழ்பெற்ற பாத்திரம் இன்னொரு கதைக்குள் நுழையும் காட்சி. அரங்கில் கைத்தட்டல் எழும் இடம். ஆனால் நீலகேசி ஆசிரியர் கைத்தட்டலோடு நின்றுவிடவில்லை. அச்சுறுத்த வந்த நீலி முனிவரிடம் தோற்று, அறங்கேட்டு, கொல்லாமை பூண்டு, தருக்கவாதம் புரியும் அறிவுச்செல்வியாகிறாள். அடுத்து அவள் செல்வது எங்கே? பௌத்தக் காப்பியமான குண்டலகேசியின் தலைவியோடு வாதிடச் செல்கிறாள்! தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக்கொல்லத் துணிந்த கணவனைத் தானே தள்ளிவிட்டுத் துறவு பூண்டவள் குண்டலகேசி. கணவனால் கொல்லப்பட்டவளும், கணவனின் கொலைக்கரத்திலிருந்து தப்பியவளும் ஓர் அவையில் எதிரெதிரே நிற்கின்றனர். அவர்கள் பேசுவதோ சமயத் தருக்கம் மட்டுமே. இருவர் வாழ்விலும் நேர்ந்த அந்த ஒற்றுமையைப் புலவர் பயன்படுத்தாமல் விட்டது பெருங்குறை என்றே சொல்லவேண்டும். சமயப்போர் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

லோகா இவ்விடத்தில் ஒரு படி மேலே செல்கிறது. அதன் நீலி காட்டுக்குடியில் பிறந்தவள். வழிபாட்டு இடத்தின் பொருட்டு அரசனின் சினத்துக்கு ஆளான கூட்டத்தின் பிள்ளை. குகையில் வௌவால்களால் பெற்ற ஆற்றல் அவளுக்கு வரமும் சாபமும் ஆகிறது. யட்சியின் கொடுமை என ஊர் சொன்னதெல்லாம் அநீதிக்கு எதிரான சினம் என மாற்றிச் சொல்கிறது படம். 'நீலிக்கண்ணீர்' என்னும் சொல்லுக்கு விடையாக வந்த கண்ணீர் என்று அக்கடந்தகாலப் பகுதியைக் குறிப்பிடலாம். அப்பகுதியே படத்தின் உயிர்நாடி. பிற்பாதியில் சாத்தன் வந்து வேடிக்கை செய்யும்போதும் ஒடியன் வாள்வீசும்போதும் அரங்கு ஆரவாரிக்கிறது. ஆனால் சந்திராவின் கதை அங்கே நின்று காத்திருக்கிறது. அவ்விருவரையும் நீக்கினால் படத்தின் வருவாய் குறையலாம். நீலியின் துயரில் ஒரு துளியும் குறையாது.

தமிழ்த்திரையில் இம்முறையைக் கையாண்டவர் லோகேஷ் கனகராஜ். 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி' ஓர் இரவுக்குள் அடங்கும் கதை. பத்தாண்டுச் சிறைக்குப் பின், இதுவரை முகம் பாராத மகளைக் காணப் புறப்பட்ட தந்தை ஒருவன், மயங்கிக் கிடக்கும் காவலர்களை லாரியில் ஏற்றிச் செல்கிறான். இதைப் பார்க்க வேறு எந்தப் படமும் துணைக்கு வரவேண்டியதில்லை. 2022இல் 'விக்ரம்' வெளியாவதற்கு முன், கைதியை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வருமாறு இயக்குநரே கேட்டுக்கொண்டார். நூலுக்கு முன் பாயிரம் படிக்கச் சொன்ன பழைய ஆசிரியர்களின் குரல் அது. ஆயினும் அப்படத்தின் சிறந்த இணைப்பு கைதியோடு நிகழவில்லை. சுஜாதா எழுத்தில் 1986இல் வந்த பழைய 'விக்ரம்' படத்தோடு நிகழ்ந்தது. அன்று துள்ளித்திரிந்த உளவாளி, இன்று பேரொலி கேட்டால் உயிருக்கு ஆபத்தாகும் பேரக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். 36 ஆண்டுகள் அந்த அணைப்பில் தெரிகின்றன. இறுதியில் வரும் ரோலக்ஸ் காட்சி அனல் பறப்பதுதான். எனினும் அது வரவிருக்கும் படத்தின் கட்டியம்.

2023இல் வந்த 'லியோ'வில் நிலை இன்னும் மெலிந்தது. 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' என்னும் படைப்புக்குத் தொடக்கத்திலேயே கடன் தெரிவித்துக்கொண்ட படம் அது. தன் பழைய வாழ்வை மறைத்து வாழும் ஒருவனின் கதை. கைதியின் காவலர் நெப்போலியன் இமாச்சலத்தில் வந்து நிற்பதும், முடிவில் தொலைபேசியில் விக்ரமின் குரல் ஒலிப்பதும் கதைக்கு வெளியே தைத்த ஒட்டுத்துணிகள். பிரித்தெடுத்தாலும் சட்டை கிழியாது.

இன்னொரு வேறுபாடும் எண்ணத்தக்கது. கைதி, விக்ரம், லியோ மூன்றும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள். ஒரு பாத்திரம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டிற்குப் போக உரியவரின் இசைவு வேண்டும். ஸ்பைடர் மேனின் திரையுரிமை சோனி நிறுவனத்திடம் இருந்தமையால், 2015இல் இரு நிறுவனங்களும் உடன்பாடு செய்துகொண்ட பின்னரே, 2016இல் அவன் மார்வெல் வீரர்களோடு திரையில் சேர முடிந்தது. பழையனூர் நீலியை எடுத்தாள நீலகேசி ஆசிரியர் யாரிடமும் இசைவு கேட்கவில்லை. வில்லுப்பாட்டுப் புலவர் கேட்கவில்லை. லோகாவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஆனால் இனி லோகாவின் சந்திராவை வேறொருவர் எழுத விரும்பினால் கேட்டாக வேண்டும். ஊர்ப்பொதுக் கிணற்றில் மொண்ட நீர் குடத்திற்குள் வந்ததும் தனியுடைமை ஆகிவிடுகிறது.

குண்டலகேசியின் பாடல்களில் இன்று நம் கைக்குக் கிடைப்பவை 19 மட்டுமே. அவளுடைய வாதம் இன்னதெனத் தெரிந்துகொள்ள, அவளை வென்றதாகச் சொல்லும் நீலகேசியையும் அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையையும்தான் நாடவேண்டியிருக்கிறது. 1936இல் அ. சக்கரவர்த்தி அந்நூலைப் பதிப்பித்தார். லோகாவின் இரண்டாம் அத்தியாயத்திற்காகக் காத்திருக்கும் மாணவர்கள் அதுவரை நீலகேசியின் முதற்சருக்கத்தைப் படித்துப் பார்க்கலாம். நீலி அங்கே நடுச்சுடுகாட்டில், அமர்ந்திருக்கும் ஒரு முனிவரை நோக்கி, இளவரசியின் வடிவெடுத்து நடந்து வருகிறாள்.