ஈயை ஈயால் ஒழித்த கணக்கு

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

பாகற்காயை அறுக்கிறோம், உள்ளே புழு நெளிகிறது. பழ ஈ தோலைத் துளைத்து முட்டையிட்டுப் போனதன் விளைவு அது. புழு காய்க்குள் பத்திரமாக இருக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. தெளிப்பானை முதுகில் சுமக்கும் கூலித் தொழிலாளியின் மூச்சுக்குள் மட்டும் அந்த மருந்து தவறாமல் போய்ச் சேருகிறது.

இந்தப் பழ ஈக்களில் ஒரு வகையை ஒரு தீவுக் கூட்டமே ஒழித்துக் கட்டியது. ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாதான் அது. எதைக் கொண்டு? அதே ஈயைக் கொண்டு!

ஈக்களை ஆலையில் லட்சக்கணக்கில் வளர்க்கிறார்கள். கூட்டுப்புழுவாக இருக்கும்போது காமாக் கதிர் பாய்ச்சுகிறார்கள். ஈ சாவதில்லை; மலடாகிறது. பிறகு வெளியே விடுகிறார்கள். மலட்டு ஆணோடு கூடிய பெண் ஈயின் முட்டை பொரிப்பதில்லை.

சரி, எத்தனை ஈ விடுவது? அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் எட்வர்ட் நிப்ளிங் 1955-ல் இதற்கு ஒரு கணக்கை வெளியிட்டார். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், அதைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு வட்டாரத்தில் பெண் ஈ 10 லட்சம், ஆண் ஈ 10 லட்சம் என்று வையுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் அவை ஐந்து மடங்காகப் பெருகுகின்றன. நாம் 90 லட்சம் மலட்டு ஆண்களை விடுகிறோம். பத்து ஆண்களில் ஒன்பது மலடு. எனவே 1 லட்சம் பெண்களே குஞ்சு பொரிக்கும். ஐந்து மடங்கானால் 5 லட்சம். மறுபடியும் அதே 90 லட்சத்தை விடுகிறோம். இப்போது ஒன்றுக்குப் பதினெட்டு மலடு! அடுத்த தலைமுறை சுமார் 1,31,500. அதற்கடுத்து சுமார் 9,500. நான்காவது தலைமுறையில் சுமார் 50. அதன் பிறகு பூஜ்யம்.

பத்தில் ஒன்பதைக் கொல்லும் மருந்தைப் பாருங்கள். முதல் தலைமுறையில் அதே 5 லட்சம்தான். பிறகு இரண்டரை லட்சம், ஒன்றேகால் லட்சம், நான்காவதில் 62,500. ஒரு பக்கம் 50, மறுபக்கம் 62,500! ஈ குறையக் குறைய மருந்தின் பலம் அப்படியே நிற்கிறது. மலட்டு ஈயின் பலமோ ஏறிக்கொண்டே போகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஐந்து மடங்கு பெருகும் ஈக்கு, ஒன்றுக்கு நான்கு மலடுக்கு மேல் விட்டால்தான் எண்ணிக்கை குறையும். ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்று சிக்கனம் பிடித்தால் ஈ பெருகும். செலவழித்த பணமெல்லாம் வீண். ஆகையால் ஒகினாவாவில் முதலில் மருந்து கலந்த பொறிகளை வைத்து ஆண் ஈக்களைக் குறைத்தார்கள். பிறகே மலட்டு ஈக்களை விட்டார்கள். 1978-ல் கூமே என்ற சிறு தீவில் வெற்றி. 1993-ல் ஒகினாவா முழுவதும் வெற்றி. மொத்தம் விட்டவை சுமார் 5,300 கோடி ஈக்கள்! அதுவரை ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்பத் தடைப்பட்டிருந்த பாகற்காய் அதன்பின் தாராளமாகப் போயிற்று.

அங்கே இந்த வேலைக்கு வழிகாட்டிய அறிஞர்களில் ஒருவர் இதோ யோஷியாகி. 1952 டோக்கியோ மே தின வழக்கில் கைதாகி, பல்லாண்டுகள் வேலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர் அவர்.

தோழர்களே! ஈக்கு வரப்பு தெரியாது. ஒருவர் தன் ஒரு ஏக்கரில் மட்டும் மலட்டு ஈ விட்டால், பக்கத்து வயலின் ஈ பறந்து வந்து கணக்கைக் கெடுத்துவிடும். தீவு முழுவதும், ஒரே காலத்தில், இடைவிடாமல் செய்ததால்தான் ஒகினாவா ஜெயித்தது. பாதியில் நிறுத்தியிருந்தால் மிஞ்சிய ஈ மறுபடி ஐந்து மடங்கு, ஐந்து மடங்காகப் பெருகியிருக்கும்.

நாளை யாராவது உங்கள் ஊருக்கு இத்தகைய திட்டத்தைக் கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: வயலில் ஈ எத்தனை? விடப்போவது எத்தனை? எல்லா ஊரிலும் சேர்ந்து, முடியும்வரை நடக்குமா? பதிலை வாங்கி, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.