வந்தவாசியில் நகராத குதிரைகள்

(கிளியனூரில் நடைபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழங்காலப் போர்களில் கட்டுப்பாட்டின் பங்கு பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டாம். வந்தவாசி பக்கத்தில்தான் இருக்கிறது. 1760 ஜனவரி 22 அன்று அங்கே நடந்த போரை, "அயர் கூட் வென்றார், லாலி தோற்றார்" என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இரு பக்கமும் ஐரோப்பிய வீரர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். பிறகு ஏன் ஒரு பக்கம் குலைந்தது?

விடை மூன்று மாதம் முன்னால் இருக்கிறது. 1759 அக்டோபரில் பிரெஞ்சு வீரர்கள் கலகம் செய்தார்கள். பல மாதச் சம்பளம் பாக்கி. ஆனால் அவர்கள் ஊரைக் கொள்ளையடிக்கவில்லை. தங்களுக்குள் ஒரு சார்ஜெண்டைத் தலைவராக்கிக்கொண்டு, தனியே முகாமிட்டு, ஒழுங்காகக் காத்திருந்தார்கள். பாக்கியில் ஒரு பகுதி கைக்கு வந்து, மன்னிப்பும் உறுதியான பிறகே திரும்பினார்கள். இவர்களைக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று சொல்லலாமா? பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள், வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும்.

லாலி துணிச்சல்காரர். வாய் மட்டும் பொல்லாதது. அதிகாரிகளை எல்லார் முன்னிலும் ஏசுவார். 1758இல் புதுச்சேரி மக்களைப் பிடித்துவந்து படைக்குச் சுமை இழுக்க வைத்தவரும் அவரே. போரன்று குதிரைப்படைக்கு முன்னால் தாமே நின்று "பாயுங்கள்" என்றார். படை நகரவில்லை. தளபதியை அங்கேயே பதவி நீக்கினார், அப்போதும் தயக்கம். ஒருவழியாகப் புறப்பட்டவர்கள், ஆங்கிலேயப் பீரங்கி முழங்கியதும் திரும்பிவிட்டார்கள்.

எதிரே கூட்டின் காலாட்படை, லொரேன் படைப்பிரிவு நெருங்கி வரும்வரை சுடாமல் பொறுத்திருந்தது. சுடுவதைவிடச் சுடாமல் நிற்பதுதான் கடினம். பிறகு பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். அது அதிர்ஷ்டம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்துக் கூட் நம் பக்கம் வந்து பெருமுக்கல் கோட்டையைப் பிடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. 1766இல் பாரீஸில் லாலியின் தலை வெட்டப்பட்டது.

சொந்தக் கதை ஒன்று. உப்பளக் கரைப் பள்ளியில் வேலை பார்த்த நாளில், தினமும் தாமதமாக வந்த ஒரு பையனை ஒரு வாரம் வெளியே நிறுத்தினேன். அவன் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கே வரவில்லை. தேடிப் போனேன். பாத்தி வரப்பில் அவன் அம்மா சொன்னார்: "வெயில் ஏறிட்டா உப்பு வார முடியாது சார். இருட்டோட வந்து கூட நிப்பான். உங்ககிட்ட சொல்லலையா?"

நான் கேட்கவே இல்லை.

மறுநாள் வந்தான். நேரத்துக்கே வந்தான். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. வந்தவாசிப் பாடம் நடத்தும்போது, நகராமல் நின்ற அந்தக் குதிரைகளிடம் வந்தவுடன், கடைசி பெஞ்சில் அவன் இருந்த இடத்தைத்தான் என் கண் தேடுகிறது.